வேலூர் வெயிலில் கருப்பு வெள்ளை: தெருப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கூடைத் தக்காளி, ஒட்டினாற்போல் கட்டுக்கட்டாக அரைக்கீரை. கலரில் கண்ணைப் பறிக்கும். அதையே கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். தக்காளி எங்கே முடிகிறது, கீரை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். சிவப்பும் பச்சையும் நிறத்தில்தான் எதிரெதிர், வெளிச்ச அளவில் இரண்டும் அக்கம்பக்கம். கலர் படத்திலிருந்து கலரைக் கழித்துவிட்டால் கருப்பு வெள்ளைப் படம் ஆகிவிடாது. எது வெளுப்பு, எது கருப்பு என்பதை எடுக்கும்போதே பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் கேமரா

பதிவு முறையை 'ரா + ஜேபெக்' என்று வையுங்கள். பிக்சர் ஸ்டைலில் மோனோக்ரோம். இனி ஸ்கிரீனில் தெரிவது கருப்பு வெள்ளையாக இருக்கும். ரா ஃபைலில் கலர் விவரம் முழுசாகத் தங்கியிருக்கும், பிறகு எடிட்டிங்கில் அது மிகவும் தேவைப்படும். ஜேபெக் மட்டும் மோனோக்ரோமில் எடுத்தால் கலர் போனது போனதுதான், திரும்ப வராது.

மொபைலில் எடுப்பவர்கள் கேமரா ஆப்பிலேயே மோனோ ஃபில்டரைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். திரையில் வெளிச்சமான இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் (படத்தில் பதிவாகும் வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குப் பயிற்சி

லாங் பஜாரில் ஓர் ஓரமாக நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, பெரிய வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் தெரியும். வெள்ளை வேட்டிக்காரர் வெள்ளைச் சுவரைக் கடக்கிறார்: படம் இல்லை. அவரே இருட்டான கடை வாசலைக் கடக்கிறார்: இருக்கிறது. வந்த ஆளைத் துரத்திக்கொண்டு ஓடாமல், பொருத்தமான பின்னணியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருங்கள். ஒரே வாசலில் இருபது நிமிடம் நின்று முப்பது படம் எடுப்பது, ஊரெல்லாம் சுற்றி முந்நூறு எடுப்பதைவிட அதிகம் கற்றுத் தரும்.

பூக்கடையும் நல்ல பள்ளிக்கூடம். கலரில் கனகாம்பரம்தான் முதலில் கண்ணில் படும், கருப்பு வெள்ளையில் அது நடுச் சாம்பலில் அடங்கிவிடும். அங்கே மல்லிகைதான் ராணி. பின்னால் நனைந்த சாக்கு இருந்தால் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரியும்.

எக்ஸ்போஷர்

தொடங்குபவர்களின் படம் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கவே முயலும். ஃபிரேமில் பெரும்பகுதி இருட்டுக் கடை என்றால் அதை வெளுப்பாக்கப் பார்த்து, நடந்து வரும் வெள்ளைச் சட்டையை பர்ன் ஆக்கிவிடும், அதாவது மடிப்பு எதுவும் தெரியாத வெறும் வெள்ளையாக்கிவிடும். பர்ன் ஆன வெள்ளையை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. எனவே ஆட்டோ எக்ஸ்போஷரில் எடுத்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 1 வையுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் ஃபிரேமை நிறைத்தால் கணக்கு தலைகீழ், பிளஸ் 1 வேண்டும். இல்லையென்றால் சுவர் அழுக்குச் சாம்பலாக வரும்.

மேனுவலில் எடுக்கத் துணிந்தால் இரண்டு கணக்கு போதும். சுள்ளென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம், நொடிக் கணக்கில்) 1/1600. திறந்த நிழலில் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 8, ஷட்டர் 1/400. இரண்டுக்கும் நடுவே 16 மடங்கு வெளிச்ச வித்தியாசம். வெயிலும் நிழலும் ஒரே ஃபிரேமில் இருந்தால் வெயிலுக்கு வைத்துவிட்டு நிழலைக் கருப்பாக விழ விடுங்கள். அந்தக் கருப்புதான் படத்துக்கு எலும்பு.

நடப்பவர்களுக்கு 1/250 போதும். சைக்கிள், ஆட்டோ என்றால் 1/500க்குக் கீழே இறங்காதீர்கள்.

ஃபோகஸ்

நெரிசலில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே தருணம் போய்விடும். கேமராவோடு வரும் கிட் லென்ஸையே 24 மி.மீ.யில் நிறுத்தி, எஃப் 8 வைத்து, 2.5 மீட்டர் தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றை ஆட்டோஃபோகஸில் பிடியுங்கள். பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு வளையத்தைத் தொடாதீர்கள். தொடக்க நிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி. அளவு சென்சாரில் சுமார் 1.5 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். தொலைவைக் கண்ணால் அளக்க ஒரு வழி: கேமராவைப் படுக்கை வாக்கில் பிடிக்கும்போது சராசரி உயரமுள்ள ஆள் தலையும் காலும் மட்டாக ஃபிரேமில் அடங்கினால் அதுதான் 2.5 மீட்டர். ஜூமைத் தெரியாமல் திருகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஜூம் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள்.

இதே வேலையை 50 மி.மீ. லென்ஸில் செய்தால் 3 மீட்டரில் வைத்தாலும் தெளிவு ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

வெயில் எப்போது, எங்கே

வேலூர் 13 டிகிரி வடக்கு அட்சத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் பகல் 12.15 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் முகம் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிதான் வரும். அப்போது கடைகளின் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடுங்கள். ரோட்டில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்து முகத்தைத் தொடும், கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும்.

காலை ஏழு முதல் எட்டரை வரை மார்க்கெட். சாய்ந்து வரும் வெயில் எதன் மேலும் இருக்கும் சொரசொரப்பைக் காட்டிக்கொடுக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். வெயில் நேராக விழும்போது காம்பு வெறும் சாம்பல். பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு முள்ளும் ஒரு நிழலோடு எழுந்து நிற்கும். கோட்டையின் கருங்கல் மதிலுக்கும் இதே விதிதான்.

கோட்டை வாசல் கிழக்குப் பக்கம். மாலையில் ரோட்டில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் எதிரே வரும், நடப்பவர்கள் கருப்பு உருவமாகத் தெரிவார்கள். வானத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். இரண்டு உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத நொடியில் அழுத்துங்கள். ஒட்டினால் அது ஒரு கருப்புக் கட்டி, அவ்வளவுதான். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அனுமதியில்லாமல் ட்ரைபாட் விரிக்க வேண்டாம்.

ஆட்கள்

"அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "எதுக்கு, பேப்பருக்கா?" என்று வரும். உள்ளதைச் சொல்லுங்கள். கேட்டவுடன் விறைப்பாக நிமிர்வார்கள், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் எடை போடவும் பாக்கி கொடுக்கவும் திரும்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய படம் அதற்குப் பிறகுதான் வரும்.

வேண்டாம் என்று கை காட்டினால் அழித்துக் காட்டிவிடுங்கள். குழந்தைகள் என்றால் கூட இருப்பவரிடம் கேளுங்கள். சி.எம்.சி. மருத்துவமனை எதிரே உள்ள சந்துகளில் வங்காள எழுத்துப் பெயர்ப்பலகைகள், லாட்ஜ் வாசல்கள், டீக்கடை ஆவி என்று எடுக்க நிறைய உண்டு. ஆனால் ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மேல் கேமராவைத் திருப்பாதீர்கள். அது எவ்வளவு நல்ல படமானாலும் சரி.

எடிட்டிங்

ரா ஃபைலை லைட்ரூமிலோ இலவசமான டார்க்டேபிளிலோ திறந்து கருப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். இப்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கும். சிவப்பை ஏற்றி பச்சையைக் குறையுங்கள், தொடக்கத்தில் சொன்ன தக்காளி கீரையை விட்டுப் பிரிந்து வெளுத்து எழும். நீலத்தைக் குறைத்தால் வானம் கருக்கும். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்த வேலை இது.

ஆரஞ்சு ஸ்லைடரில் மட்டும் கை நிதானமாக இருக்கட்டும். நம் தோலின் நிறம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. அதிகம் ஏற்றினால் முகம் மாவு பூசியதுபோல் ஆகும், அந்த மனிதர் வேறு யாரோ ஆகிவிடுவார். இறக்கினால் சுருக்கமும் தழும்பும் மிகையாகும். கருத்த முகத்தை வெளுக்க வைக்காதீர்கள், நெற்றியிலும் கன்னத்திலும் விழும் பளபளப்பைக் காப்பாற்றினாலே போதும்.

பிரின்ட் போடும் முன் ஸ்கிரீன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், தாளில் எப்போதும் இருண்டுதான் வரும். கலர் பேப்பரில் போடும் ஸ்டூடியோவில் சாம்பல் லேசாகப் பச்சையோ சிவப்போ அடிக்கலாம். முதலில் 4க்கு 6 அளவில் ஒன்று மட்டும் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். சரியாக வந்ததில் ஒரு பிரதி அந்தக் கீரைக்கார அம்மாவுக்கு.