காரைக்குடிச் செம்மண்ணும் காமா நிறமாலையும்: உள்ளீட்டுக் கோப்பு எழுதுவது எப்படி?

காரைக்குடிச் செம்மண்ணைக் காயவைத்து, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் நான்கு வாரம் மூடி வைத்து, அதிலிருந்து வரும் காமாக் கதிர்களை ஜெர்மானியம் டிடெக்டரில் எண்ணியாயிற்று. திரையில் ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஒரு முகடாகப் பீக்குகள் நிற்கின்றன. எந்தப் பீக் எந்த அணுக்கருவுடையது என்பதை மென்பொருளுக்கு ஓர் உரைக்கோப்பில் நாம்தான் எழுதித் தர வேண்டும். முதன்முறையாக அதை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பதிவு.

1. பட்டியலைச் சுருக்குங்கள்

கிடைத்த அணுக்கருக்களையெல்லாம் சேர்த்தால், மண்ணில் இல்லாததற்கும் மென்பொருள் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். மண்ணுக்கு இவை போதும் (ஆற்றல் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில்; ரேடியத்தையும் தோரியத்தையும், அவை சிதைந்து உண்டாகும் வாரிசுகளின் பீக்குகளை வைத்து அளக்கிறோம்):

பொட்டாசியம்-40: 1460.8
ரேடியம்-226க்காக: ஈயம்-214 (351.9), பிஸ்மத்-214 (609.3)
தோரியம்-232க்காக: ஈயம்-212 (238.6), தாலியம்-208 (583.2), ஆக்டினியம்-228 (911.2)
சீசியம்-137: 661.7

186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பீக்கை இப்போது தொடாதீர்கள். அங்கே ரேடியம்-226உம் யுரேனியம்-235உம் ஒரே பீக்காக ஒட்டி நிற்கும்.

2. எண்களை எடுங்கள்

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் நியூடாட் தளத்தில் எல்லாம் இலவசம். சீசியம்-137இன் நூறு சிதைவுக்கு எத்தனை காமா என்ற இடத்தில் 85.10 20 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அந்த 20 என்பது கடைசி இரண்டு இலக்கங்களில் உள்ள பிழை, அதாவது 85.10 ± 0.20.

3. வரியை எழுதுங்கள்

பெயர், அரை ஆயுள், ஆற்றல், நூறு சிதைவுக்கு எத்தனை காமா, அதன் பிழை. பெரும்பாலும் இந்த ஐந்தும்தான்.

சீசியம்-137 | 30.1 ஆண்டு | 661.657 | 85.10 | 0.20

சில மென்பொருள்கள் 85.10 கேட்கும், சில 0.8510 கேட்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நோட்பேடு போதும்.

4. தாலியமும் பிஸ்மத்தும்

என் முதல் கோப்பில் தாலியம்-208க்கு, அட்டவணையில் இருந்தபடியே 85 என்று எழுதினேன். ஆக்டினியம் காட்டிய தோரியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தாலியத்தில் வந்தது. இரண்டு நாள் டிடெக்டரைச் சந்தேகப்பட்டேன்.

காரணம் இதுதான். பிஸ்மத்-212 சிதையும்போது 35.94 சதவீதம்தான் தாலியமாகிறது. அந்த 85, நூறு தாலியம் சிதைவுக்கான கணக்கு. நமக்கு வேண்டியது நூறு தோரியம் சிதைவுக்கு. 85 × 0.3594, சுமார் 30.5. செட்டிநாட்டுப் பேரேட்டில் ஒரு தொகையை எழுதும் முன் அது யார் கணக்கு என்று பார்ப்பார்கள் அல்லவா, இங்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் அதைக் கேளுங்கள்.

அரை ஆயுளிலும் இதே கதைதான். பிஸ்மத்-214இன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். அதையே எழுதினால், மண் எடுத்த தேதிக்குத் திருத்தம் செய்யும்போது முப்பது நாளில் 2,000 அரை ஆயுளுக்கு மேல் ஓடிவிடும். விடை அண்டம் அளவுக்கு வரும். மூடிய டப்பாவில் பிஸ்மத் தன் மூதாதையான ரேடியத்தோடு சமநிலையில் இருக்கிறது. அதனால் ரேடியத்தின் 1,600 ஆண்டைத்தான் எழுத வேண்டும்.

5. சரிபாருங்கள்

ஆய்வகத்துப் பொட்டாசியம் குளோரைடை அதே அளவு டப்பாவில், அதே உயரத்துக்கு நிரப்பி எண்ணுங்கள். எடையில் சுமார் 52 சதவீதம் பொட்டாசியம். ஒரு கிராம் பொட்டாசியத்துக்குச் சுமார் 31 பெக்கரல் (நொடிக்கு 31 சிதைவு) வர வேண்டும். வரவில்லையென்றால் மண்ணைத் தொடாதீர்கள். முதலில் பொட்டாசியம் வரியையும், அப்புறம் எஃபிசியன்சி கோப்பையும் (வரும் காமாவில் டிடெக்டர் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்ற கணக்கு) திறந்து பாருங்கள்.