வீட்டிலேயே கார் ஏசிக்கு கேஸ் ஏற்றும்போது செய்யும் தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், எங்கள் தெருவில் யாராவது பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆன்லைனில் வாங்கிய கேனும் கேஜ் வைத்த ஹோஸுமாக நிற்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி. அவர் செய்ததையே ஒரு காலத்தில் நானும் செய்து கம்ப்ரஸரைப் பறிகொடுத்தவன், அதனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாடி போடு, கையுறை போடு என்பதெல்லாம் கேன் மேலேயே எழுதியிருக்கிறது, அதை விடுகிறேன்.

குளிரவில்லை என்றாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்டுவது

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் அனல் வந்தால் முதலில் கண்டென்சர் (முன்பக்கம் ரேடியேட்டர் மாதிரி இருந்து கேஸை ஆற்றுவது) ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பைப் ஜாயின்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் அப்பியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் ஏற்றுகிற கேஸ் தெருவுக்குத்தான் போகும்.

கேஜ் முள்ளை நம்பி ஏற்றுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். "முள் பச்சையில்தான் இருக்கு அண்ணா, இன்னும் கொஞ்சம் போட்டா நல்லா குளிரும்" என்றார் தம்பி, கேனைக் குலுக்கிக்கொண்டே. வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்க்கிறோம்? தூக்கித்தானே பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான். கார் ஏசியில் போடும் 134ஏ கேஸ் கொஞ்சமாவது திரவமாக உள்ளே இருக்கிறவரை, ஆறி நிற்கும் காரில் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்தது இல்லை. 35 டிகிரியில் ஏறத்தாழ 115 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே 115தான். இன்ஜின் ஓடும்போதோ வெயில், ஆர்பிஎம், ப்ளோயர் வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் முள் ஆடும், அதுவும் இந்த ஹோஸில் லோ சைடு, அதாவது கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பி வரும் குறைந்த அழுத்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

அளவுக்கு மீறினால் கண்டென்சருக்குள் திரவம் தேங்கி, கேஸ் குளிர்ந்து திரவமாக மாற இடமில்லாமல் ஹை சைடு (கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) அழுத்தம் ஏறுகிறது, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது, குளிர்ச்சி குறைகிறது. குறைந்ததும் நாம் என்ன நினைப்போம்? கேஸ் போதவில்லை என்று இன்னும் ஏற்றுவோம். நான் அப்படித்தான் இரண்டாவது கேனையும் உடைத்தேன். மூன்றாம் நாள் பெல்ட் கிறீச்சிட்டது, கம்ப்ரஸர் ஜாம். 18,000 ரூபாய்.

பானட்டின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும், சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 வரை. தம்பியின் காரில் 400. மறுநாள் ரெகவரி மெஷின் (உள்ளே இருக்கும் கேஸை இழுத்து எடை காட்டுவது) உள்ள கடையில் இழுத்துப் பார்த்தபோது 590 கிராம் வந்தது. உள்ளே பாதி இருக்கிறதா முக்கால் இருக்கிறதா தெரியாதபோது மேலே ஊற்றாதீர்கள், முழுதும் இழுத்தெடுத்துவிட்டு, கேனை எடைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில் ஏற்றுங்கள். சமையலறைத் தராசே போதும்.

வேக்கம் போடாமல் ஏற்றுவது

சிஸ்டம் காலியாகிவிட்டாலோ, ஒரு ஜாயின்டைக் கழற்றினாலோ, காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். அந்த ஈரம் திரவம் குறுகி வரும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும். பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை அரை மணி நேரமாவது இழுத்து (இதுதான் வேக்கம்), நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா பார்த்த பிறகுதான் கேன். ஹோஸுக்குள் இருக்கும் காற்றையும் வெளியேற்ற மறக்க வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது கேனைக் கவிழ்ப்பது

திரவம் போய் கம்ப்ரஸர் வால்வு உடையும்.

ஹை சைடில் கேனை மாட்டுவது

கேன் கையிலேயே வெடிக்கும்.

134ஏ-க்குப் பதில் எல்பிஜி

தீப்பிடிக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் கேஸ் வருவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு.

ஹைபிரிட் கார்

தொடாதீர்கள். பல ஹைபிரிட்களில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது, சாதாரண கார் ஏசிக்கான பிஏஜி எண்ணெய் கலந்த கேன் போனால் அதன் மின் இன்சுலேஷன் கெட்டுவிடும்.