‘அப்போதே சொல்லிவிட்டார்கள்’ என்று வரும் பதிவைச் சோதிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பிரபஞ்சம் விரிகிறது என்பதை மாணிக்கவாசகர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடிவிட்டார். ஒளியின் வேகம் ரிக் வேத உரையில் இருக்கிறது. சூரியனின் தூரம் அனுமன் சாலீசாவில் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் வாட்ஸாப்புக்கு வந்திருக்கும். வந்ததும் சிலர் பெருமையோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள், சிலர் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் அந்தப் பாட்டை எடுத்துப் படிப்பதில்லை. எனக்கு வருத்தமே அதில்தான்.

இந்தச் சோதனைக்கு இயற்பியல் படித்திருக்க வேண்டாம், வடமொழி தெரிந்திருக்க வேண்டாம். ஒரு தாள், கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை போதும்.

படி 1: பதிவு சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள்

எந்த நூல், அதில் எந்த இடம், எந்தக் கண்டுபிடிப்பு. இந்த மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். “முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்” என்பதைச் சோதிக்கவே முடியாது. “திருவாசகம், திருவண்டப்பகுதி, பிரபஞ்ச விரிவு” என்றால் சோதிக்கலாம்.

விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து 1920இல் அயனியாக்கச் சமன்பாட்டைத் தந்த மேகநாத் சாஹா தமக்கு நேர்ந்த ஒன்றை எழுதியிருக்கிறார். டாக்காவில் தெரிந்த வக்கீல் ஒருவர், அவருடைய ஆய்வைக் கேட்டுவிட்டு, “இதில் புதிதாக என்ன இருக்கிறது? எல்லாம் வேதத்தில் இருக்கிறது” என்றாராம். எந்தப் பகுதியில் என்று சாஹா கேட்டார். தாம் வேதம் படித்ததே இல்லை என்று பதில் வந்தது. நூல் பெயரும் இடமும் இல்லாத பதிவு வந்தால் சாஹா கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அத்தோடு விடலாம்.

படி 2: மூலத்தை எடுத்து, முன்னும் பின்னும் படியுங்கள்

தமிழ் நூலாக இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலோ மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலோ கிடைத்துவிடும். பதிவில் இருக்கும் வரியை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பாதிச் சோதனை இங்கேயே முடிந்துவிடும்.

செய்து பார்ப்போம். திருவாசகத்தில் மூன்றாவது பகுதி திருவண்டப்பகுதி. தொடக்கம் இப்படி:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பரும் தன்மை வளப்பெரும் காட்சி
ஒன்றனுக்கு ஒன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்அணுப் புரையச்
சிறிய ஆகப் பெரியோன்

பதிவுகள் பெரும்பாலும் நான்காவது வரியோடு நின்றுவிடும். ‘உண்டை’ இருக்கிறது, ‘விரிந்தன’ இருக்கிறது, கோடிக்கணக்கும் இருக்கிறது, ஆகவே உருண்டையான கோள்கள் நிறைந்த, விரியும் பிரபஞ்சம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. நூற்றொரு கோடிக்கும் மேலாகப் பரந்து கிடக்கும் அந்த உருண்டைகள் எல்லாம், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசிபோலச் சிறியவையாகத் தோன்றும்படி அவன் பெரியவன். இதுதான் முழு வாக்கியம். எழுவாய் பிரபஞ்சம் இல்லை, சிவன். எண்ணிக்கை வருவதே, அந்த எண்ணிக்கையையும் தூசியாக்கிக் காட்டுவதற்குத்தான்.

‘விரிந்தன’ என்பது இங்கே பரந்து கிடக்கும் பெருக்கத்தைச் சொல்கிறது. வானியலாளர் ஹப்பிள் கண்டது வேறு: தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகுகின்றன, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். ‘எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம்’ என்ற அந்த உறவுதான் கண்டுபிடிப்பு. பாட்டில் அது இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. எண்ணையும் பாருங்கள். நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்குக் குறையாமல் விண்மீன்கள் இருக்கின்றன. ‘நூற்றொரு கோடிக்கு மேல்’ என்பது இதற்கும் பொருந்தும், வேறு எந்தப் பெரிய எண்ணுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதையும் முன்கூட்டிச் சொன்னதாகாது.

காலையில் ஜன்னல் வழியே வரும் வெயிலில் தூசி ஆடுவதைப் பார்த்தவர் ஒருவர், அண்டங்கள் அத்தனையையும் அந்த ஒரு கீற்றுக்குள் வைத்துவிட்டார். ஹப்பிளின் முன்னோடி என்று பட்டம் கட்டிவிட்டால் இந்த வரியை யாரும் பார்க்க மாட்டார்கள். பதிவுகள் வெட்டிவிடுவதும் சரியாக இந்த வரியைத்தான்.

படி 3: இந்தப் பொருள் எப்போது பிறந்தது?

கண்டுபிடிப்பு வந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய உரையிலோ மொழிபெயர்ப்பிலோ அதே பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரபஞ்ச விரிவைப் பற்றி பெல்ஜிய இயற்பியலாளர் லெமெத்ர் எழுதியது 1927இல், ஹப்பிள் எழுதியது 1929இல். திருவாசகத்தை ஜி.யு. போப் மொழிபெயர்த்து வெளியிட்டது 1900. அது போன்ற பழைய வாசிப்புகளோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். 1917இல் ஐன்ஸ்டீன் பிரபஞ்சம் அசையாமல் இருக்கிறது என்று நம்பி, தம் சமன்பாட்டில் அதற்காகவே ஒரு மாறிலியைச் சேர்த்தார். அப்போது திருவாசகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ‘விரிந்தன’ என்ற சொல்லைக் காட்டி ஐன்ஸ்டீன் தவறு என்று அன்றே எழுதிய ஒருவரைக் காட்ட முடியுமா? விடை தெரிந்த பிறகு மட்டும் கண்ணில் படும் பொருள், விடையிலிருந்து வந்த பொருள்.

படி 4: அளவுகோலை மாற்றாமல் கணக்குப் போடுங்கள்

எண் இருக்கும் பதிவுகள்தான் ஆளை மயக்கும். ஆனால் சோதிக்க எளிதானவையும் அவைதான். கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் அனுமன் சாலீசா. துளசிதாசர் பாடியது. “ஜுக் சஹஸ்ர ஜோஜன் பர் பானு” என்ற அடியைப் பதிவு இப்படிப் பிரிக்கும்: யுகம் 12,000, சஹஸ்ரம் 1,000, யோசனை (பழைய தூர அளவு) 8 மைல். பெருக்கினால் 9.6 கோடி மைல், அதாவது சுமார் 15.4 கோடி கிலோமீட்டர். உண்மைத் தூரம் சராசரியாக 14.96 கோடி கிலோமீட்டர். நெருக்கம்தான்.

அடுத்து சாயணர், 14ஆம் நூற்றாண்டு, விஜயநகரம். ரிக் வேதத்தின் சூரிய சூக்தத்துக்கு (1.50.4) உரை எழுதும்போது, அரை நிமிஷத்தில் 2,202 யோசனை கடப்பவனே என்று சூரியனை வணங்கும் ஒரு பழைய வாக்கை எடுத்துக் காட்டுகிறார். இந்த நிமிஷம் நம் 60 விநாடி நிமிடம் இல்லை, பழைய கால அளவு. புராணக் கணக்கில் ஒரு நாளுக்கு 4,05,000 நிமிஷம். 86,400 விநாடியை அதனால் வகுத்தால் ஒரு நிமிஷம் 0.2133 விநாடி, அரை நிமிஷம் 0.1067 விநாடி. இங்கே யோசனை 9 மைல் என்கிறது பதிவு. விடை விநாடிக்குச் சுமார் 2,99,000 கிலோமீட்டர். ஒளியின் வேகம் 2,99,792.

கவனித்தீர்களா? முதல் கணக்கில் யோசனை 8 மைல், இரண்டாவதில் 9 மைல். இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள்.

8 மைல் என்றே வைத்தால் ஒளியின் வேகம் சுமார் 2,66,000 ஆகிவிடும். 9 மைல் என்றே வைத்தால் சூரியன் 17.4 கோடி கிலோமீட்டருக்குப் போய்விடும். இரண்டும் ஒருசேரச் சரியாக வருவதற்கு வழியே இல்லை. நிமிஷத்துக்கும் இதே சிக்கல்தான். மனுஸ்மிருதியின் கணக்கில் ஒரு நாளுக்கு 4,86,000 நிமிஷம். அதை எடுத்தால், 9 மைல் யோசனையோடு வேகம் 3,59,000 ஆகிறது. யுகத்தை எடுத்தாலும் அப்படித்தான். 12,000 என்பது சதுர்யுகத்தின் தேவ ஆண்டுகள். சொற்களால் எண்ணைக் குறிக்கும் பழைய வழக்கில் யுகம் என்றால் 4. அப்படிப் பார்த்தால் சூரியன் 4,000 யோசனையில் நிற்கும்.

யோசனை எத்தனை கிலோமீட்டர் என்ற சண்டையே வேண்டாம் என்றால், விகிதம் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி இது. சூரிய சித்தாந்தத்தில் பூமியின் விட்டம் 1,600 யோசனை, அதாவது ஆரம் 800. சூரியனின் வட்டப்பாதை 43,31,500 யோசனை. அதன் ஆரம் சுமார் 6.9 லட்சம் யோசனை. 800ஆல் வகுத்தால், சூரியன் பூமியின் ஆரத்தைப் போல 860 மடங்கு தள்ளி இருக்கிறது. உண்மையில் அது சுமார் 23,500 மடங்கு. வானியலுக்கென்றே எழுதிய நூலில் விடை இவ்வளவு தள்ளி நிற்கும்போது, ஒரு பக்திப் பாடலின் அடிக்குள் சரியான விடை ஒளிந்திருக்கிறது என்பதை எப்படி ஏற்பது? அந்த அடியின் தொடர்ச்சி என்ன சொல்கிறது தெரியுமா? அத்தனை தொலைவில் இருந்த சூரியனை இனிய பழம் என்று நினைத்து அனுமன் விழுங்கிவிட்டான். கேட்கும் பிள்ளைகள் வாய்பிளக்க வேண்டிய இடம். அங்கே போய் யோசனையை மைலாக்கிக்கொண்டு நிற்கிறோம்.

சூரியனின் தூரத்துக்கு உருப்படியான அளவு 1672இல் கிடைத்தது. செவ்வாயைப் பாரிஸிலிருந்தும் தென் அமெரிக்காவின் கயேனிலிருந்தும் ஒரே காலத்தில் பார்த்து, வானியலாளர்கள் காசினியும் ரிஷேயும் கணக்கிட்டார்கள். எப்படி அளந்தார்கள் என்பது அந்த எண்ணோடு கூடவே வருகிறது.

படி 5: பொருந்தாத வரிகளையும் எடுத்துவையுங்கள்

விஷ்ணு புராணத்தில் சூரியன் பூமியிலிருந்து ஒரு லட்சம் யோசனை. சந்திரன் சூரியனுக்கும் மேலே இன்னொரு லட்சம் யோசனை. கந்தபுராணத்தில் சூரபதுமன் ஆண்டது 1008 அண்டங்கள், நூற்றொரு கோடி இல்லை. பொருந்துவதை மட்டும் பொறுக்கினால் எந்த நூலிலும் எதையும் காட்டலாம்.

மற்ற மதங்களின் நூல்களுக்கும் இதே அளவுதான். 1951இல் போப்பாண்டவர் 12ஆம் பயஸ், பெருவெடிப்புக் கோட்பாடு படைப்பை உறுதிப்படுத்துவதாகப் பேசினார். அதில் சங்கடப்பட்டவர் யார் தெரியுமா? அந்தக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த லெமெத்ரே. அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தம் இயற்பியலையும் தம் விசுவாசத்தையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்தக்கூடாது என்று உறுதியாக இருந்தார்.

படி 6: உண்மையான சாதனை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அப்படியானால் பழையவர்களுக்கு எதுவும் தெரியாதா என்று கேட்பீர்கள். வானியலாளர் ஆரியபடரைப் பாருங்கள். கி.பி. 499. வானம் சுற்றவில்லை, பூமி சுழல்கிறது என்கிறார். ஆற்றில் படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் நகர்வதுபோலத் தோன்றுவதை உதாரணம் காட்டுகிறார். அதோடு நிற்காமல் எண்ணும் தருகிறார்: 43,20,000 ஆண்டுகளில் பூமி 1,58,22,37,500 முறை சுழலும். அதே காலத்தில் நாட்கள் 1,57,79,17,500.

இரண்டாவதை முதலாவதால் வகுத்து 86,400ஆல் பெருக்குங்கள். 86,164.1 விநாடி வரும். அதாவது 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு முறை சுழல இன்றைய அளவிலும் இதே நேரம்தான். முதல் முறை இதைப் பெருக்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இங்கே யாரும் எதையும் வலிந்து பொருத்தவில்லை. அவர் சொன்ன எண்ணை அப்படியே போட்டால் விடை வருகிறது. அன்றே படித்தவர்களுக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் 628இல் இன்னொரு வானியலாளர் பிரம்மகுப்தர் அதை மறுத்து எழுதினார். ஆரியபடருக்குப் பூமி நடுவில்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்வதால் அவர் பெருமை ஒன்றும் குறையாது.

படி 7: அனுப்பியவருக்குப் பதில் எழுதுங்கள்

பெரியப்பாவோ சித்தியோ அனுப்பியிருப்பார். குழுவில் எல்லார் முன்னாலும் மறுக்க வேண்டாம், தனியாக எழுதுங்கள். “பெரியப்பா, நீங்க அனுப்பின பாட்டோட அடுத்த ரெண்டு வரி இது, படிச்சுப் பாருங்க” என்று முழு வாக்கியத்தையும் பொருளோடு அனுப்புங்கள். பாட்டின் மேல் அவருக்கு இருக்கும் பற்று உண்மையானது. அவருக்கு வந்துசேர்ந்த துண்டில்தான் குறை. கூடவே ஆரியபடர் கணக்கையும் அனுப்பினால் அவர் வேறு நாலு பேருக்குச் சொல்வார்.

பயிற்சி

புறநானூறு 30ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. “வறிது நிலைஇய காயமும்” என்ற அடியைக் காட்டி, விண்வெளி வெற்றிடம் என்று சங்கத் தமிழர் அறிந்திருந்தார்கள் என்பார்கள். பழைய உரை அதை ஆதாரம் ஏதுமில்லாமல் நிற்கும் ஆகாயம் என்றே கொள்கிறது. நீங்கள் படி 2இலிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றின் பாதை, அதன் இயக்கம், அதைச் சூழ்ந்த மண்டலம், காற்று திரியும் திசை, ஆகாயம் என்று அடுக்கிவிட்டு, அடுத்த அடியில் புலவர் சொல்கிறார்: “சென்று அளந்து அறிந்தோர் போல, என்றும் இனைத்து என்போரும் உளரே”. நேரில் போய் அளந்துவிட்டு வந்தவர்களைப் போல, இது இவ்வளவு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்து நலங்கிள்ளியைப் பற்றி என்ன சொல்கிறார், அந்த அடுக்கு எதற்காக வந்தது என்று பாட்டை முடிவுவரை படித்து, ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்.