லேத்தைப் பிரிக்கும் முன் ஜாப்பைப் பிடித்துப் பாருங்கள்

இரும்பைச் சுழற்றிக் கடையும் பழைய லேத் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடத்தான் முதலில் கை பரபரக்கும். கடைந்த கம்பியின் ஒரு முனை தடித்து வருகிறது. சரி, பெட் (அடித்தளம்) தேய்ந்துவிட்டது, ஸ்பிண்டில் (சுழலும் அச்சு) பேரிங் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டு ஸ்பேனரை எடுத்துவிடுவார்கள். வீட்டுப் பட்டறைகளில் நான் பார்த்த கோணல்களில் பெரும்பாலானவை ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, பிடித்த விதத்தில் வந்தவை. இயந்திரம் பாவம், அதன் மேல் பழி மட்டும்தான். பிடிமானத்தைச் சோதிக்காமல் பிரிப்பதுதான் இந்த வேலையில் முதல் தவறு.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து ஜாப் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? விட்டத்தைப் போல 3 மடங்குக்கு மேல் நீண்டால் எதிர்முனையில் நிற்கும் டெயில்ஸ்டாக்கிலுள்ள கூம்பான சென்டரின் தாங்கல் வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 10 மில்லிமீட்டர் கம்பியை 80 மில்லிமீட்டர் நீட்டிவைத்துக் கடைந்தால் அதன் வெளிமுனை டூலுக்குப் பயந்து விலகும், அங்கே விட்டம் கூடும். இதைப் பார்த்துவிட்டு, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கைத் திருப்பப் போகிறவர்கள் உண்டு. சென்டர் போட்டாலும் ஒரு கவனம் தேவை. இரும்புக் கம்பி வெட்டும்போது சூடாகி நீளும். 300 மில்லிமீட்டர் கம்பியின் சூடு 30 டிகிரி ஏறினால் நீளம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கூடிவிடும். சுழலாத டெட் சென்டராக இருந்தால் கிரீஸ் வையுங்கள். இடையிடையே டெயில்ஸ்டாக்கைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். இல்லாவிட்டால் கம்பி வில்லாக வளையும், சென்டர் முனையும் கருகும்.

மூன்று ஜா (தாடை) சக்கிடம் துல்லியத்தை எதிர்பார்ப்பது அடுத்த தவறு. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண சக்கே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை ஆடும். அது குறையல்ல, அதன் இயல்பு. ஒரு ஜாப்பில் ஒன்றோடொன்று மையம் பொருந்த வேண்டிய விட்டங்களையும் துளையையும் ஒரே பிடியில் முடித்துவிட்டால் இந்த ஆட்டம் உங்களைத் தொடவே தொடாது. கழற்றி, திருப்பி மாட்டிய பிறகுதான் வம்பு. அந்த நேரத்தில் ஜாவுக்கு அடியில் காகிதத்தைச் செருகிப் பார்ப்பதைவிட, ஜாக்களைத் தனித்தனியாக நகர்த்தக்கூடிய நான்கு ஜா சக்கை எடுத்துவிடுவது மேல்.

நான்கு ஜா என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். விலகலைக் காட்டும் டயல் கேஜின் முள் ஆடுவதைப் பார்த்தபடி எந்தத் திருகைத் திருப்புவது என்று குழம்பி, நான்கையும் மாற்றி மாற்றி முறுக்குவார்கள். எதிரெதிர் ஜாக்களை ஒரு ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் ஜாவுக்கு நேரே முள் 20 காட்டுகிறது, எதிரே உள்ள 3ஆம் ஜாவில் 60 காட்டுகிறது என்றால் போக வேண்டிய இடம் 40. கேஜ் காட்டும் வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை மறந்தால் ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டிப் போவீர்கள். ஒரு பக்கத்தைத் தளர்த்திய பிறகுதான் எதிர்ப்பக்கத்தை இறுக்க வேண்டும். ஒரு ஜோடி முடிந்ததும் 2, 4. கை பழகிவிட்டால் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. சக் சாவியை மட்டும் சக்கில் இருக்கும்வரை கையிலிருந்து விடவே கூடாது. அப்படியே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

பழைய சக்குகளில் இன்னொரு நோய் உண்டு. பல வருடம் சின்னச் சின்ன ஜாப்களை ஜாவின் நுனியிலேயே பிடித்துப் பிடித்து நுனி தேய்ந்து, வாய் விரிந்துபோயிருக்கும். சாணை பிடித்த நேரான கம்பி ஒன்றைப் பிடித்து, ஜாவின் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் சக் உள்பக்கத்தில் மட்டும்தான் பிடிக்கிறது என்று பொருள். அதில் கடைந்தால் அதிர்வு வரும், டேப்பரும், அதாவது முனைக்கு முனை விட்டம் மாறுவதும், வரும். ஜாக்களைச் சாணை பிடித்துச் சரிசெய்யலாம், ஆனால் தவறு நடப்பதும் அங்கேதான். ஜா ஒரு பொருளை இறுக்கும்போது எந்தத் திசையில் அழுத்தம் பெறுகிறதோ, அதே அழுத்தத்தோடு இருக்கும்போதுதான் சாணை பிடிக்க வேண்டும். வெளியே ஒரு வளையத்தை மாட்டி அதற்குள் ஜாக்களை விரித்து இறுக்கினால் அழுத்தம் தலைகீழாகிவிடும். அப்புறம் பழையபடி கோணல்தான். ஜாவின் அடிப்பகுதியில் ஒரு சிறு துண்டைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சாணை பிடிப்பது ஒரு வழி. துண்டு இருந்த இடத்தைப் பிறகு தனியாகத் தாழ்த்திவிட வேண்டும். சாணைத்தூள் பெட்டில் விழாதபடி மூடிவைப்பதைச் சொல்லவே வேண்டாம்.

மெல்லிய குழாயை இறுக்கிப் பிடித்துத் துளையைக் கடைந்தால் சக்கில் இருக்கும்வரை வட்டம், கழற்றினால் மூன்று மூலை. பிளந்த வளையம் ஒன்றைப் போட்டுப் பிடியுங்கள்.

சக்கையே ஸ்பிண்டிலில் மாட்டும் இடத்துக்கு வருவோம். மைஃபோர்ட் எம்எல்7 போன்ற ஆங்கிலேய லேத்களில் சக் மரை மூலம் மாட்டப்படும். மரையிலோ தோளிலோ ஒரு இரும்புச் சீவல் சிக்கினால் போதும், எவ்வளவு விலையுயர்ந்த சக்கும் ஆடும். மாட்டும் முன் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். துடைக்காமல் வேகமாக முட்ட விட்டால் சக் இறுகி, கழற்றவும் வராது. அப்போது வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் பூட்டிவிட்டுச் சக்கை இழுக்கிறவர்களுக்குக் கிடைப்பது பல் உடைந்த கியர். தடித்த அறுகோணக் கம்பியைச் சக்கில் பிடித்து, துருப்பிடித்த இடத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, கப்பியையும் பெல்ட்டையும் கையால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரில் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் இளகிவிடும்.

மரைச் சக்கோடு வி.எஃப்.டி. சேர்ந்தால் புதிதாக ஓர் ஆபத்து வருகிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் மின்சாரம். பழைய லேத்தில் இருப்பதோ பல நேரம் மூன்று ஃபேஸ் மோட்டார். அதனால் நடுவில் வேகத்தை மாற்றும் அந்தப் பெட்டியைப் போடுகிறோம். அதில் உடனடி பிரேக்கை வைத்துவிட்டால் ஸ்பிண்டில் நிற்கும், சக் தன் கனத்தால் தொடர்ந்து சுழன்று மரையிலிருந்து கழன்று வெளியே வந்துவிடும். பின்னோக்கிச் சுழற்றிக் கடைந்தாலும் இதே கதை. நிற்கும் நேரத்தைச் சில வினாடிகளாக்கி வைப்பதுதான் அறிவு. மோட்டாரின் சுருள்கள் 400 வோல்ட்டுக்கான ஸ்டார் இணைப்பில் இருந்தால் டெல்டா இணைப்புக்கு மாற்றாமல் 230-இல் ஓட்டக் கூடாது, திணறும். சில பெட்டிகளின் வடிகட்டியிலிருந்து கசியும் மின்சாரம் வீட்டின் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியை (மின்கசிவுத் தடுப்பான்) தட்டிவிடும். அதற்காக எர்த் கம்பியைக் கழற்றுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் டேப்பர் வந்தால்தான் பெட்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் தேய்மானத்துக்கு முன் முறுக்கலைப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் அளவுத் தடித்த கம்பியை 150 மில்லிமீட்டர் நீட்டி, டெயில்ஸ்டாக் இல்லாமல், இரண்டு முனைகளிலும் ஒரு பட்டையை மட்டும் விட்டு நடுவைத் தாழ்த்திவிடுங்கள். கம்பியின் நீளம் 3 மடங்கு விதியைத் தாண்டுகிறது என்பதால் கூர்மையான டூலால் மிக லேசாகத்தான் சீவ வேண்டும். இரண்டு பட்டைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளிமுனைப் பட்டை தடித்திருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் மெல்லிய தகடு வைக்க வேண்டும். ஸ்பிரிட் லெவல் நேராகக் காட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. லேத் சற்றுச் சாய்ந்திருந்தாலும் வேலை கெடாது, முறுக்கிக்கொண்டிருந்தால் கெடும். மரமேசையில் வைத்தவர்கள் மழைக்காலத்தில் மறுபடி அளக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் மரம் ஈரத்துக்கேற்ப அசையும்.

ஈரம் என்றதும் நம் சிங்கப்பூர்க் கதை வந்துவிடுகிறது. வீவக (அரசுக் குடியிருப்பு) வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, குளிர்சாதனம் போட்டுக் கடைகிறீர்கள். முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறீர்கள். வெளிக்காற்றின் ஈரம் சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீராகப் படியும். 22 டிகிரியில் கிடந்த வார்ப்பிரும்பு சொட்டச் சொட்ட வியர்க்கும். மறுநாள் காலை பெட்டில் செம்பூச்சு. இயந்திரம் அறைச் சூட்டுக்கு வரும்வரை ஜன்னலை மூடியே வையுங்கள், எண்ணெய் பூசி மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தைப் பூட்டிவைக்கும். பருத்தித் துணி போதும்.

வந்த துருவை எடுப்பதிலும் அவசரம் கூடாது. பெட்டில் உப்புக்காகிதம் தேய்த்தால் அந்தத் தூள், டூலைத் தாங்கி நகரும் கேரேஜுக்கு அடியில் ஒளிந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் தடவி, சவர பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினால் மேல்துரு வந்துவிடும். பெட்டில் தெரியும் பிறை போன்ற கீறல்களை அழுக்கு என்று நினைத்து மெருகேற்றிவிடாதீர்கள். எண்ணெய் தங்க என்றே சுரண்டி வைத்தவை அவை. அமிலத்தில் ஊறவைத்தால் அதன் ஆவி அதே அறையிலுள்ள மற்ற இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். சிறு பாகங்களுக்கு சலவை சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கும் மின்முறை நன்றாக வேலை செய்யும், ஆனால் எதிர்த்தகடாக ஸ்டெயின்லெஸ் கரண்டியைத் தொங்கவிடக் கூடாது, நச்சான குரோமியம் கரையும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வரும். ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், ஹைட்ரஜனும் கிளம்பும்.

கடைசியில் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எம்எல்7இன் ஹெட்ஸ்டாக் மூடிகளுக்கு அடியில் அடுக்குத் தகடுகள் இருக்கும். எது எந்தப் பக்கம் என்று குறிக்காமல் கலந்துவிட்டால் பேரிங் இடைவெளியை ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். மைஃபோர்டின் நிப்பிள்களைப் பார்த்தால் கிரீஸ் நிப்பிள் போல இருக்கும், கிரீஸ் கன்னை எடுத்துவிடாதீர்கள். அவை எண்ணெய்க்கானவை. கிரீஸ் உள்ளே போனால் எண்ணெய் வழிகள் அடைபடும். ஸ்பிண்டிலுக்கு ஐஎஸ்ஓ 32 தரம், பெட்டுக்கு 68 தர ஸ்லைடுவே எண்ணெய் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் வீட்டுக்குள் உலர்வாகத் தேய்க்காமல், ரசாயனம் தடவி வழித்தெடுங்கள். புதிய பெயிண்ட் அடிக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தும் முகங்களை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே ஒட்டிய பெயிண்டின் தடிமன், நீங்கள் மேலே பாடுபட்டுச் சரிசெய்த அளவுகளைவிடப் பெரியது.