நஞ்சுக்கொடி லேபுக்குப் போகும்போது நடக்கிற தவறுகள்

பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், “நஞ்சைப் பயாப்சிக்கு அனுப்புறோம், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விடுவார். வெளியே நிற்கிற பாட்டிக்குப் பயாப்சி என்றால் ஒன்றே ஒன்றுதான், புற்றுநோய். முதல் தவறு இந்தப் பயம். திசுவை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதையெல்லாம் ஆஸ்பத்திரியில் பயாப்சி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அனுப்புகிற காரணங்கள் வேறு. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்தக்கொதிப்பு, பிரசவ நேரத்தில் காய்ச்சல், முன்கூட்டியே நஞ்சு பிரிந்து ரத்தப்போக்கு, இரட்டைக் குழந்தை, பிறந்ததும் அழாத குழந்தை, வயிற்றிலேயே இறந்த குழந்தை. நிறைமாதம், மூன்று கிலோ குழந்தை, தாயும் நலம் என்றால் லேப் தேவைப்படாது. நஞ்சு முழுசாக வெளியே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

பெரிய தவறு நடப்பது முதல் அரை மணி நேரத்தில். குழந்தை அழவில்லை என்று எல்லோரும் அந்தப் பக்கம் ஓடும்போது, நஞ்சு மஞ்சள் பைக்குள் போய்விடும். மஞ்சள் பை என்றால் எரிக்கப் போகிற மருத்துவக் கழிவு. மறுநாள் குழந்தைக்கு வலிப்பு வந்த பிறகு “நஞ்சைப் பார்த்திருக்கலாமே” என்று யோசித்து என்ன பயன்? சந்தேகம் இருந்தால் மூடியுள்ள டப்பாவில் போட்டு, தாயின் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்து உருகினால் செல்கள் உடைந்து, மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. ரத்தக்கொதிப்போ வளர்ச்சிக் குறைவோ முன்பே தெரிந்திருந்தால், “நஞ்சை அனுப்புவீங்களா டாக்டர்?” என்று வலி எடுக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

அடுத்தது டப்பா. நிறைமாத நஞ்சு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், சுமார் அரைக் கிலோ. அதைச் சுருட்டி ஊறுகாய் பாட்டில் அளவு டப்பாவுக்குள் திணித்து, திசு கெடாமல் காக்கிற ஃபார்மலின் திரவத்தை மேலாகக் கொஞ்சம் ஊற்றி அனுப்பினால், வெளியே மடிப்போடு இறுகிப்போய் உள்ளே அழுகியிருக்கும். கிருமி வளர்த்துப் பார்க்கவோ குரோமோசோம் பார்க்கவோ வேண்டுமென்றால், அந்தத் துண்டை ஃபார்மலினில் போடும் முன்பே எடுத்துவிட வேண்டும். இரட்டைக் குழந்தை என்றால் முதல் குழந்தையின் கொடிக்கு ஒரு கிளிப், இரண்டாவதற்கு இரண்டு. இல்லாவிட்டால் எது யாருடையது என்று லேபில் சொல்லவே முடியாது.

ஒரு ஓரத்தைத் துண்டாக வெட்டி அனுப்புவதும் வீண். லேபில் முழு நஞ்சையும் எடை போட்டு, அளந்து, பிரெட் மாதிரி வரிசையாக அறுத்துப் பார்ப்பார்கள். கருஞ்சிவப்பான சதைக்கு நடுவே வெளிறி, விரலுக்குக் கெட்டியாக ஒரு திட்டு தட்டுப்பட்டால், அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். கண்ணாடி போல இருக்க வேண்டிய பனிக்குடச் சவ்வு மங்கலாகி மஞ்சள் பூத்திருந்தால் கிருமித்தொற்றைச் சந்தேகிப்பார்கள். தொப்புள்கொடியில் முடிச்சு உண்டா, மூன்று ரத்தக்குழாய்களும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரு துண்டில் இதில் எது தெரியும்?

படிவத்தில் ‘பிளசென்டா’ (நஞ்சு) என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. எத்தனை வாரம், குழந்தையின் எடை என்ன, எதற்காக அனுப்புகிறோம் என்பது தெரியாமல், நஞ்சின் எடை சரியா குறைவா என்பதைக்கூடச் சொல்ல முடியாது.

குழந்தையை இழந்த வீட்டில் நடப்பது வேறு. “பச்சப் புள்ளைய அறுக்க வேண்டாம்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மனசு புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சோடு நஞ்சையும் சேர்த்து வேண்டாம் என்றுவிடுகிறார்கள். இது குழந்தையின் உடலைத் தொடாத சோதனை. குழந்தை போனதற்கான காரணம் பல நேரம் நஞ்சில்தான் கிடைக்கிறது. கிடைத்தால், பப்பாளி சாப்பிட்டாள், குடம் தூக்கினாள் என்று அந்தப் பெண்ணை நோண்டுகிற பேச்சாவது நிற்கும். சில சமயம் எதுவும் கிடைக்காமலும் போகலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளை ஒவ்வொன்றாக கூகுளில் போட்டுப் பார்க்காதீர்கள். ‘கால்சியம் படிந்திருக்கிறது’ என்றிருக்கும். நிறைமாத நஞ்சில் அது நரைமுடி மாதிரி, வயதானதன் அடையாளம். ஓரத்தில் சின்னதாக ரத்தம் போகாத திட்டு இருப்பதும் சகஜம். எது பொருட்டு, எது இல்லை என்று பிரசவம் பார்த்த மருத்துவர்தான் சேர்த்து வைத்துச் சொல்ல வேண்டும்.

அந்த ரிப்போர்ட் வருவதற்குள் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பீர்கள். அப்புறம் யாரும் போய் வாங்குவதில்லை. ஆறாவது வாரச் செக்கப்புக்குப் போகும்போது கேட்டு வாங்கி, ஸ்கேன் ஃபைலோடு வைத்துவிடுங்கள். சில வகை நஞ்சுப் பாதிப்புகள் அடுத்த கர்ப்பத்திலும் திரும்ப வரக்கூடியவை. முன்பு கடும் ரத்தக்கொதிப்பு வந்தவர்களுக்கு டாக்டர் எழுதுகிற குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பொதுவாக 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவார்கள். வளைகாப்புக்குப் புடவை தேடும்போது அந்த ஃபைல் கையில் சிக்கினால் அதற்கெல்லாம் நேரம் தாண்டியிருக்கும்.