பழைய காடியில் சாயம் உரிக்கும் முன்: அன்றைக்கே மூட முடிகிற அளவு மட்டும் உரியுங்கள்

மோரிஸ் மைனரோ டட்சன் 120ஒய்யோ, கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் காடியைச் சரிபண்ண நினைப்பவர்கள் முதலில் கேட்பது, சாயத்தை எதைப் போட்டு எடுப்பது என்றுதான். எதைப் போட்டாலும் சாயம் வந்துவிடும். உரித்த தகரத்தைத் துரு பிடிக்குமுன் பிரைமர் அடித்து மூடுவதுதான் பெரிய வேலை. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் காலையில் பனி, சாயங்காலம் மழை, இடையில் நாலைந்து மணி நேரம்தான் நல்ல வெயில். வெறும் தகரத்தை ராத்திரி அப்படியே விட்டால் விடியும்போது மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். அதனால் காடி முழுவதையும் வெள்ளைத் தகரமாக உரித்துப் படம் போடும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அவர்கள் காற்று வேறு. இங்கே ஒரு நாளைக்கு ஒரு கதவு, இல்லை ஒரு பானெட், அவ்வளவுதான்.

கை வைக்கும் முன் சேசிஸ் நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று தேடிப் படம் எடுத்து, அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கிரைண்டர் அதில் பட்டு எழுத்து மங்கிவிட்டால் பிறகு இன்ஸ்பெக்ஷனில் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) சொல்லி கிராண்ட்டிலும் (காடியின் பதிவுப் பத்திரம்) மாற்ற வேண்டும், அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேலே இருப்பது என்ன சாயம் என்று பாருங்கள். தோட்டத்துக் காடி என்றால் துரை ஓட்டி, கிராணி வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி என்று கை மாறி வந்திருக்கும், வாங்கியவர் எல்லாம் தன் பங்குக்கு ஒரு சாயம் அடித்திருப்பார். வெள்ளைத் துணியில் லேக்கர் தின்னர் நனைத்து ஓர் ஓரத்தில் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் அது பழைய செல்லுலோஸ் சாயம், சுருங்கி எழும்பினால் எனாமல், எதுவுமே நடக்கவில்லை என்றால் 2கே, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் சாயம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தையும் உடம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள், பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, இருக்கிறது.

ஈயத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய மஞ்சள், ஆரஞ்சு சாயங்களிலும் சிவப்பு பிரைமரிலும் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிரிட்டிஷ் காடிகளில் தகரம் சேரும் இடங்களை ஈயத்தை உருக்கியே நிரப்பியிருப்பார்கள், மிருதுவாக, துரு இல்லாமல் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அதுதான், அங்கே கிரைண்டர் போடவே கூடாது. மற்ற இடத்தில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், பி100 ஃபில்டர் உள்ள முகமூடி போடுங்கள். லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், உப்புத்தாளைத் தண்ணீர் விடாமல் காய்ந்தபடி தேய்த்தால் தூசி பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியிலும் கறிவேப்பிலைச் செடியிலும் போய் உட்காரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஈயம் மிகக் கெடுதல், அந்தப் பக்கமே வர விடாதீர்கள். வேலை முடிந்ததும் அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

சரி, உரிப்பதற்கு வருவோம். பானெட், கதவு, கூரை மாதிரி அகலமான தகரத்தில் ஈயம் இல்லை என்று தெரிந்தால் டிஏ சாண்டரில் (சுற்றிக்கொண்டே அசைந்து தேய்க்கும் மெஷின்) 80 நம்பர் உப்புத்தாள் போட்டுப் பொறுமையாக எடுப்பதே நல்லது. ஓரத்துக்கும் வளைவுக்கும் நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும், டிஸ்கின் மேல் எழுதியிருக்கும் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே மாட்டாதீர்கள். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகரம் சூடாகி நெளிந்துவிடும், உள்ளங்கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு பக்கம் போய்விடுங்கள்.

கெமிக்கல் ரிமூவர் வாங்கினால் முதலில் டப்பாவில் இருப்பதைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு உள்ளது வேகமாக உரிக்கும், ஆனால் உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும், மூடிய இடத்தில் இதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019ல் சாதாரண ஆட்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். சாதாரண கார்ட்ரிட்ஜ் முகமூடி இதற்குப் போதாது, மெல்லிய ரப்பர் கையுறையும் தாங்காது. அது 40 டிகிரியிலேயே கொதிக்கும், வெயிலில் நிற்கும் பானெட்டில் தடவினால் சாயத்துக்குள் இறங்கும் முன்பே ஆவியாகிவிடும். பென்ஸைல் ஆல்கஹால் வகை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனாலும் என் ஓட்டு அதற்கே.

எந்த வகையானாலும் சாயத்தை முதலில் 40 நம்பர் தாளால் கீறிவிட்டு, நிழலில் வைத்து, ஒரே திசையில் கனமாகத் தடவி, திரும்பத் திரும்பப் பிரஷ் போடாமல், மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டுப் பிறகு சுரண்டுங்கள். ஓரங்களிலும் தகரம் சேரும் இடுக்குகளிலும் ஓர் அங்குலம் டேப் ஒட்டி விட்டுவிட்டு அதைக் கையால் தேய்த்து எடுங்கள். இடுக்கில் மாட்டிக்கொண்ட ரிமூவர் சில மாதம் கழித்து மெல்லக் கசிந்து புதுச் சாயத்தையே கிளப்பும், சாயம் அடித்தவர் மேல் பழி போடும் பல கேஸ்களில் காரணம் இதுதான். பட்டி இருக்கும் இடமும் ரிமூவரைக் குடித்துக்கொள்ளும், அங்கே பட்டியை முழுசாக எடுத்துவிடுங்கள்.

தோட்டத்தில் ஓடிய பழைய லேண்ட் ரோவர் என்றால் கதை வேறு. அதன் வெளித் தகரம் பெரும்பாலும் அலுமினியம். காஸ்டிக் சோடா அதைத் தின்றுவிடும், இரும்பு வயர் பிரஷும் வேண்டாம். மோரிஸ் டிராவலரின் பின்பக்க மரச்சட்டம் அழகுக்கு வைத்ததில்லை, பாரம் தாங்குவதே அதுதான், அங்கும் ரிமூவர் சொட்டக் கூடாது.

சாண்ட் பிளாஸ்டிங் சேசிஸ், சக்கரம், சஸ்பென்ஷன் துண்டுகளுக்குச் சரி. பானெட்டையும் கூரையையும் கொடுத்தால் மணல் அடியிலேயே தகரம் விரிந்து அலை அலையாகத் திரும்பி வரும். வீட்டில் ஆற்று மணல் போட்டு அடிக்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுத்தால் திரும்பச் சரிபண்ண மருந்து கிடையாது. மணலுக்குப் பதில் கார்னெட் என்ற கல்தூள் வைத்து அடிக்கும் பட்டறையாகப் பாருங்கள்.

அடியில் இருக்கும் தார் பூச்சைச் சூடான காற்றில் கொஞ்சம் இளக்கி ஸ்கிராப்பரால் எடுக்கலாம், மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். மிகப் பழைய பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஆகவே அங்கே கிரைண்டர் வேண்டாம், நனைத்துச் சுரண்டுங்கள்.

சுரண்டிய கழிவைக் கால்வாயில் தள்ளாதீர்கள், கொளுத்தவும் வேண்டாம், திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம். மூடி போட்ட டின்னில் சேர்த்து, கெமிக்கல் கழிவு எடுக்கும் ஆட்களிடம் கொடுக்கும் பட்டறை வழியாக அனுப்புங்கள்.

உரித்த தகரத்தை வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாகத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் வேக்ஸ் ரிமூவரை ஒரு துணியால் தடவி, காயும் முன்பே இன்னொரு துணியால் துடையுங்கள். துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் போட்டிருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் எபாக்ஸி பிரைமர், மிச்ச ஆசிட் எபாக்ஸியை இறுக விடாது. காற்றின் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, காற்றின் ஈரம் தகரத்தில் பனியாகப் படியத் தொடங்கும் சூட்டைவிட (டியூ பாயிண்ட்) தகரத்தின் சூடு 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ அடிக்காதீர்கள். அதனால்தான் காலை பத்து மணிக்கு முன் ஸ்பிரே கன்னை எடுப்பதில் பயனில்லை, மழை இருட்டினால் அன்றைய உரிப்பையும் நிறுத்திவிடுங்கள். எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியாகும், காடியை நிழலில் விடுங்கள். டப்பாவில் போட்ட நாள் கெடுவுக்குள் அடுத்த கோட் அடிக்க முடியாவிட்டால் 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் மேலே எதையும் அடிக்க வேண்டும்.