சிங்கப்பூர்க் கிண்ண இறுதியாட்டம்: டிவி பார்த்த பழக்கத்தோடு போனால் எங்கே சறுக்கும்?

சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்தே காற்பந்து கற்றவர்கள் நம்மில் நிறையப் பேர். மான்செஸ்டர் யுனைடெட்டின் மாற்று கோல்கீப்பர் பெயர்கூடத் தெரியும். நம் உள்ளூர் கிளப்பான தெம்பனிஸ் ரோவர்சின் கோல்கீப்பர் யார் என்று கேட்டால் முழிப்போம். அது பரவாயில்லை. ஆனால் உள்ளூர்க் கிண்ணத்தின் இறுதியாட்டத்தையும் அதே கண்ணோடு பார்க்க உட்கார்ந்தால் பல விஷயங்களைத் தப்பாகப் புரிந்துகொள்வோம்.

முதல் தவறு ரயிலிலேயே நடக்கும். அண்மைய இறுதியாட்டங்கள் பெரும்பாலும் ஜாலான் புசார் விளையாட்டரங்கில்தான். அதனால் ஜாலான் புசார் எம்ஆர்டியில் இறங்கிவிடுகிறார்கள். அந்த நிலையம் சுங்கை ரோடு பக்கம். அரங்கமோ டிர்விட் சாலையில், நன்றாக நடக்கவேண்டிய தூரத்தில். பெண்டமியர், லவண்டர், ஃபேரர் பார்க் மூன்றில் ஒன்றில் இறங்குங்கள். என் ஓட்டு ஃபேரர் பார்க்குக்கு. சிராங்கூன் சாலையில் ஒரு தோசையை முடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம். ஆனால் ரொம்ப மெதுவாக வேண்டாம், அரங்கில் சுமார் 6,000 இருக்கைகள்தான். டிக்கெட்டைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல.

அடுத்தது, “செய்லர்ஸ் நேற்று முளைத்த பணக்கார கிளப், அவர்களுக்கும் தெம்பனிசுக்கும் என்ன பெரிய பகை?” என்ற பேச்சு. லயன் சிட்டி செய்லர்ஸ் என்ற பெயர் 2020இல் வந்ததுதான். ஆனால் அதற்கு முன் அந்த கிளப் ஹோம் யுனைடெட். அதற்கும் முன் காவல்துறையின் அணி. சிங்கப்பூர்க் கிண்ணம் 1998இல் தொடங்கியது. வெற்றியாளர் பட்டியலில் 2000 முதல் 2006 வரை ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள்: ஹோம், ஹோம், தெம்பனிஸ், ஹோம், தெம்பனிஸ், ஹோம், தெம்பனிஸ். ஏழு ஆண்டுகள் வேறு யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. 2025 மே மாத இறுதியாட்டத்தில் செய்லர்ஸ் 1-0 என்று தெம்பனிசை வென்றபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் ஹோம் யுனைடெட்டுக்குக் கத்தியவர்களுக்கு அது பழைய கணக்காகவே தெரிந்திருக்கும்.

லீக் பட்டியலை வைத்து முடிவைச் சொல்லிவிடுவது இன்னொரு பழக்கம். 2022இல் தெம்பனிஸ் லீக்கில் ஹவ்காங்குக்கு மேலே இருந்தது. இறுதியாட்டத்தில் ஹவ்காங் 3-2. அந்த கிளப்பின் வரலாற்றிலேயே முதல் பெரிய கிண்ணம் அது. ஆரஞ்சு சட்டை போட்ட அந்த ‘ஹூல்ஸ்’ ரசிகர்கள் எத்தனை ஆண்டுகளாக வெறுங்கையோடு மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது லீக் பட்டியலில் எங்கே தெரியப்போகிறது?

“இந்த வருஷம் முடியவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்பதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன். 2019 இறுதியாட்டத்தில் தெம்பனிஸ் 4-3 என்று வாரியர்சைச் சாய்த்தது. ஏழு கோல்! வாரியர்ஸ் என்றால் பழைய ராணுவ அணி; ஒன்பது முறை லீக் வென்றது; ஹோம் யுனைடெட்டோடு அது மோதினால் ‘சீருடைக்காரர்கள் சண்டை’ என்பார்கள். 2020 லீக்கில் அந்த அணி இல்லை, அப்புறமும் திரும்பவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொவிட்டால் கிண்ணப் போட்டியே நடக்கவில்லை. உள்ளூர்க் காற்பந்தில் ‘அடுத்த வருஷம்’ என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சரி, ஆட்டத்துக்குள் வருவோம். 90 நிமிடத்தில் சமநிலை என்றால் 15, 15 நிமிடமாகக் கூடுதல் நேரம். அதிலும் தீரவில்லையென்றால் பெனால்டி. அரங்கில் அதிகமாகத் தப்பும் தவறுமாகப் பேசப்படுவது இந்தக் கட்டம்தான். பின்வரிசையில் யாராவது இப்படிப் பேசுவதைக் கேட்கலாம்:

“தம்பி, கீப்பருக்கு ஏற்கெனவே ஒரு மஞ்சள். இப்ப இன்னொண்ணு வாங்கிட்டான், வெளிய போகணும்ல?”

“இல்ல அங்கிள், ஆட்டத்துல வாங்கினது இங்க செல்லாது.”

தம்பி சொல்வதுதான் சரி. ஆட்டத்திலும் கூடுதல் நேரத்திலும் காட்டிய மஞ்சள் அட்டை பெனால்டி கட்டத்துக்குத் தொடராது. ஆட்டத்தில் ஒன்றும் பெனால்டி கட்டத்தில் ஒன்றும் வாங்கியவர் பெயர் இரண்டு முறை குறிக்கப்படும், அவ்வளவுதான். பெனால்டி கட்டத்திலேயே இரண்டு வாங்கினால்தான் வெளியேற வேண்டும்.

அதேபோல், ஓர் அணியில் ஒருவர் சிவப்பு அட்டையில் போயிருந்தால், “பத்துப் பேர் அணிக்கு நல்லது, சிறந்த ஆட்டக்காரருக்குச் சீக்கிரம் மறுமுறை வரும்” என்று கணக்குப் போடுவார்கள். வராது. எதிரணியும் ஒருவரை விலக்கி எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும். பெனால்டிக்கென்றே ஒருவரை இறக்க நினைக்கும் பயிற்சியாளர் கூடுதல் நேரம் முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். பொதுவாக, விசில் ஊதியபோது ஆட்டத்தில் இருந்தவர்கள்தான் உதைக்க முடியும். கீப்பர் தட்டிவிட்ட பந்தை ஓடிப்போய் மறுபடி உதைக்கவும் முடியாது. “முன்னாடி வந்துட்டான்!” என்று கத்துவதற்கு முன், பந்தை உதைக்கும் நொடியில் கீப்பரின் ஒரு காலில் கொஞ்சமாவது கோட்டின்மேலோ கோட்டுக்கு நேராகவோ இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் போதும். இரண்டு காலும் கோட்டில் இருக்கவேண்டும் என்பது பழைய நினைப்பு.

ஜாலான் புசார் திடல் செயற்கைப் புல் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து எழும்பும் விதமே வேறு. டிவியில் பார்க்கும் புல்தரையை நினைத்துக்கொண்டு ஆட்டக்காரரைத் திட்ட வேண்டாம்.

மின்னல் எச்சரிக்கை வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உள்ளே அனுப்பிவிடுவார். உடனே சிலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தேசிய சேவை செய்தவர்களுக்கு ‘கேட் ஒன்’ என்ற மின்னல் அபாய நிலை என்றால் என்ன என்று சொல்லித் தரவேண்டியதில்லை. அது நீங்கினால் ஆட்டம் தொடரும். 2022இல் நவம்பர், 2023இல் டிசம்பர், 2025இல் மே என எந்த மாதத்தில் வைத்தாலும் இந்த ஊரில் இடிமழைக்குக் குறைவில்லை. ஒரு தே ஹாலியா வாங்கிக்கொண்டு காத்திருங்கள்.

பழைய மலேசியக் கிண்ணத்தோடு ஒப்பிடுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 1994இல் சிங்கப்பூர் அணிக்காக அப்பாஸ் சாத்தும் ஃபாண்டியும் ஆடியதைக் கல்லாங்கில் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் கண்ணிலேயே நிற்கும், அது நியாயம். ஆனால் அங்கே முழு நாடும் ஒரே பக்கம் நின்றது. இங்கே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, அதுதான் இந்த ஆட்டத்தின் சுவையே. தெம்பனிசின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு எதிரணி ரசிகர்கள் நடுவில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தால் அடி விழாது. ஆனால் 90 நிமிடமும் கிண்டல் விழும்.

தோற்ற அணிக்கு எல்லாம் போச்சு என்று நினைப்பதும் எப்போதும் சரியாக இருக்காது. 2025இல் செய்லர்ஸ் லீக், கிண்ணம் இரண்டையும் எடுத்தது. ஆனால் லீக்கில் இரண்டாவதாக வந்த தெம்பனிசும் ஆசிய கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூவுக்குப் போனது. அங்கே அதன் பிரிவில் தாய்லாந்தின் பிஜி பாத்தும் யுனைடெட். 2010 சிங்கப்பூர்க் கிண்ண இறுதியாட்டத்தில் பாங்காக் கிளாஸ் என்ற பெயரில் இங்கே வந்து தெம்பனிசை 1-0 என்று தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்துப்போன அதே கிளப். தெம்பனிஸ் பெயருக்கு முன்னால் இப்போது இருக்கும் ‘பிஜி’யும் அவர்களுடையதுதான்.